பலகை என்று பெயர் வாங்கியவள்

மார்னி கோஸ்கெலா கோல்கீப்பர் ஆனது ஆசைப்பட்டு நடந்ததல்ல. வட மினசோட்டாவில் எம்பர் லேக் என்ற சுரங்க ஊரில், பெண் பிள்ளைகள் பனி ஹாக்கி அணிக்கு வலை காத்துக்கொண்டிருந்தவளின் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டது. விளையாட்டு மன்றத்து அலமாரியில் ஒரு ஜோடி கால்பட்டையும் ஒரு முகமூடியும் சும்மா கிடந்தன. மற்ற ஆட்டக்காரிகள் சாமான்களைத் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். கோல்கீப்பருக்கு மட்டும் மன்றம் கொடுக்கும். சுரங்கத்து லாரிகளைப் பழுதுபார்க்கும் ஆர்வோ கோஸ்கெலா தன் ஒன்பது வயது மகளைப் பார்த்து, "உனக்கு இது சரியா இருக்கும்போல இருக்கே" என்றார். கால்பட்டை அவள் இடுப்பைத் தாண்டி நின்றது. இருந்தாலும் மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு அது நன்றாகவே வந்தது. சத்தம் போடமாட்டாள், வலைக்குள் நின்றால் நகரமாட்டாள், கறுப்பு ரப்பர் வட்டு நெஞ்சில் வந்து அடித்தால் முகம் சுளிக்கமாட்டாள். இன்னொரு குணமும் இருந்தது, அது வெளியே தெரியாது. தனக்கு யாராவது ஒரு கெடுதல் செய்தால் அதை அவள் மறப்பதே இல்லை. ஏழாம் வகுப்பில் தன் தொப்பியை ஏரிப் பனியில் எறிந்தவளோடு பள்ளி முடியும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் தான் செய்தது என்னவென்றே தெரியாமல் கடைசிவரை முழித்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டு வயதில் பெரிய ஏரிக்கரையில் இருக்கும் செயின்ட் ஆல்ரிக் கல்லூரிக்குப் போனாள். அந்த வட்டாரத்தில் பெண்கள் பனி ஹாக்கி என்றால் செயின்ட் ஆல்ரிக்தான். பயிற்சியாளர் கார்லா ஸ்டென்ருட் நேரில் வீட்டுக்கு வந்து, சமையலறையில் உட்கார்ந்து அம்மா செய்த கறி ரொட்டியைத் தின்று, "ரெண்டாம் வருஷத்துல இருந்து வலை இவளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவர். இரண்டாம் வருஷம் வந்தபோது கனடாவிலிருந்து வேறொரு கோல்கீப்பரைக் கொண்டுவந்தார். மார்னிக்கு வேலை பயிற்சியில்தான். தினமும் இரண்டு மணி நேரம், இருபது பெண்கள் அவளைப் பார்த்து வட்டை அடிப்பார்கள். சனிக்கிழமை ஆட்டத்தன்று பெஞ்சின் ஓரத்தில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, களத்துக்குப் போய்வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து மூடுவாள்.

பெயர் வந்தது அந்த வருஷம்தான். குறி பார்த்து அடிக்கப் பழகுவதற்காக வலையின் முன்னால் ஐந்து ஓட்டை போட்ட ஒரு மரப்பலகையை மாட்டுவார்கள். ஒருநாள் அது பிளந்துவிட்டது. "பலகை எங்கடி?" என்று ஸ்டென்ருட் கேட்டார்.

"அதான் மார்னி இருக்காளே கோச்" என்றாள் ஜெனா டூசெட்.

எல்லாரும் சிரித்தார்கள். மார்னியும் சிரித்தாள். மறுநாள் அவள் அலமாரியில் பெயர் இருந்த இடத்தில் வெள்ளை டேப்பில் 'பலகை' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஜெனாதான் அவளுடைய அறைத்தோழி. அணியின் நட்சத்திரமும் அவள்தான். கோல் அடிப்பதில் அவளுக்கு நிகர் அந்த லீக்கில் இல்லை. அவள் கெட்டவள் இல்லை. ஊர்க்கதை சொல்லிச் சிரிக்க வைப்பாள், தனக்கு வரும் பார்சல் தின்பண்டத்தில் பாதியை மார்னி கட்டிலில் வைப்பாள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடும் சுபாவம்.

ஜெனாவுக்கு ஒரு ரகசியம் இருந்தது. இடது தோள் மூட்டு அவ்வப்போது கழன்றுவிடும். முதல் தடவை பரண்மேல் இருந்த பெட்டியை இழுத்தபோது கழன்றது. மார்னிதான் அவளைக் கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டில் புத்தகம் நிரப்பிய பையைக் கட்டி, கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். 'டொக்' என்று மூட்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாதடி. தெரிஞ்சா டாக்டர் என்னை ஆடவிடமாட்டார்."

"சொல்லமாட்டேன்."

அந்த வருஷம் மூன்று தடவை அந்தத் தோளை அப்படி உட்கார வைத்தாள். மூன்று தடவையும் வாயைத் திறக்கவில்லை.

பிப்ரவரியில், ஒரு புதன்கிழமை, ஸ்டென்ருட் அவளைக் கூப்பிட்டார். "சனிக்கிழமை உள்ளூர்ல கடைசி ஆட்டம். மூணாம் பாகம், கடைசி இருபது நிமிஷம், நீ நில்லு. வீட்ல சொல்லிக்கோ, வரட்டும்."

அப்பா, அம்மா, இர்மா அத்தை மூன்று பேரும் பனிப்பொழிவில் ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். செயின்ட் ஆல்ரிக்கின் நிறமான நீலத்தில் அத்தை கையால் பின்னிய கழுத்துத்துணியை மூவரும் ஆளுக்கொன்றாகச் சுற்றியிருந்தார்கள். இரண்டு பாகம் முடியும்போது செயின்ட் ஆல்ரிக் ஆறு கோல் முன்னால் இருந்தது. எதிரணி துவண்டு போயிருந்தது. மார்னி முகமூடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். மூன்றாம் பாகம் தொடங்கியது. கனடாப் பெண்ணே மறுபடி வலைக்குப் போனாள். ஐந்து நிமிஷம் போனது, பத்து நிமிஷம் போனது. மார்னி நின்றுகொண்டே இருந்தாள். கடைசிச் சங்கு ஊதியபோதுதான் முகமூடியைக் கழற்றினாள்.

ஸ்டென்ருட் தன் அறை வாசலில் காபிக் கோப்பையை வைத்துக்கொண்டு சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். மார்னியைப் பார்த்ததும் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அடடா, மறந்தே போச்சு பாரு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். "பரவால்ல விடும்மா. இங்க காபி நல்லா போடுறாங்க" என்றார். அத்தை மட்டும் வண்டியில் ஏறும்போது கழுத்துத்துணியை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மடிப்பைப் பார்த்தபோதுதான் மார்னிக்குள் ஏதோ ஒன்று இறுகிப்போனது. அழுகை வரவில்லை. இந்த ஊரை, இந்த வலையை, இந்தப் பொம்பளையைத் தோற்கடிக்காமல் விடப்போவதில்லை என்ற எண்ணம் மட்டும் வந்து குந்திக்கொண்டது.

அடுத்த செப்டம்பரில் அவள் பைக் ரிவர் கல்லூரியில் சேர்ந்தாள். அதே லீக்கில் எட்டாவது இடம், அதாவது கடைசி. பயிற்சியாளர் லாயிட் பெக்கோலா காலையில் வேதியியல் பாடம் எடுப்பார், பனி அதிகம் விழுந்தால் ஊர்த் தெருக்களில் பனி தள்ளும் வண்டியும் ஓட்டுவார். அவரிடம் இரண்டாவது கோல்கீப்பர் என்று ஒருத்தியே கிடையாது.

"எதுக்கு எங்ககிட்ட வந்த? நாங்க போன வருஷம் ஜெயிச்சதே ரெண்டு" என்றார்.

"செயின்ட் ஆல்ரிக்கோட நாலு தடவ ஆடுவீங்கல்ல, அதுக்குத்தான்."

அவர் பேனாவை எடுத்து அவள் பெயரைப் பட்டியலில் எழுதினார். "சரி. மத்தவங்களோட ஆடும்போதும் கொஞ்சம் நில்லு."

அணித் தலைவி ரெனி ஓஸ்ட்பி பால் பண்ணைக்காரர் மகள். கன்றுக்குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேலி தாண்டுவாள் என்று பேச்சு. தடுப்பாட்டத்தில் அவளைத் தாண்டிப் போவது லேசில்லை. ரெனியும் மார்னியும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்த வீட்டுச் சமையலறையில் மார்னி வாய் திறக்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் தினமும் அவர்கள் அடித்த அடியெல்லாம் வாங்கியவள். ஒவ்வொருத்தியும் எப்படி அடிப்பாள் என்று அவள் உடம்புக்கே தெரியும்.

"பதினேழாம் நம்பர் தோளை இறக்கினா மேல அடிப்பா. நாலாம் நம்பர் அடிக்கறதுக்கு முன்னாடி நாக்கைக் கடிப்பா, முகத்தைப் பாத்தா தெரியும். ஒம்பதாம் நம்பர் பயந்தாங்கொள்ளி. ரெண்டு பேர் எதிர்ல வந்தா வட்டைத் தள்ளிவிட்டுடுவா."

"நீ என்னடி, போலீஸ்காரி மாதிரி பேசற" என்றாள் ரெனி, முட்டையைத் திருப்பிக்கொண்டே.

"எனக்கு வேற வேலை என்ன இருந்துச்சு அங்க."

நவம்பரில் செயின்ட் ஆல்ரிக் பைக் ரிவருக்கு வந்தது. முதல் ஆட்டம் தொடங்கிய உடனே அவர்கள் பெஞ்சிலிருந்து, பனித்தளத்தைச் சுற்றியிருந்த சுவரில் மட்டைகளைத் தட்டி, "பலகை, பலகை" என்று தாளம் போட்டார்கள். மார்னிக்குக் கோபம் தலைக்கேறியது. வலையை விட்டு வெளியே பாய்ந்து பாய்ந்து தடுக்கப் போனாள். ஐந்துக்கு ஒன்று என்று தோற்றார்கள். ஐந்தில் மூன்று ஜெனா அடித்தது. மூன்றாவதை அடித்துவிட்டு வலையைச் சுற்றி வந்தவள், மார்னியின் கால்பட்டையை மட்டையால் செல்லமாகத் தட்டி, "எப்படிடி இருக்க? குண்டாயிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெக்கோலா ஆட்டம் முடிந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கோவப்படறது உன் இஷ்டம்மா. ஆனா வலைக்குள்ள நின்னு கோவப்படு. நீ வெளிய வந்து கோவப்பட்டா பின்னாடி காலியா கெடக்கு."

மறுநாள் இரண்டாம் ஆட்டத்தில் உள்ளே நின்றாள். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த அணி நிமிர்ந்தது. டிசம்பரில் நான்கு ஆட்டம் தொடர்ந்து வென்றார்கள். மார்னியைத் தாண்டி வட்டு போவது அரிதாகிவிட்டது. ஊர்க்காரர்கள் மான்கறித் தொத்திறைச்சியைப் பொட்டலம் கட்டி அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். மற்ற பெண்கள் பூரித்துப் போனார்கள். மார்னிக்கு அந்த வெற்றிகளில் ருசி தெரியவில்லை. யாரோடு ஆடினாலும் அவள் மனதுக்குள் எதிரே நின்றது நீலச் சட்டைக்காரிகள்தான்.

ஜனவரியில் செயின்ட் ஆல்ரிக் ஊரில் இரண்டு ஆட்டம். ஒன்றில் தோற்றார்கள், ஒன்று சமன். இரண்டு நாளும் ஸ்டென்ருட் அவள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மார்னி ஒன்றைப் பார்த்தாள். ஜெனா இடது முழங்கையை விலாவோடு ஒட்டியே வைத்துக்கொண்டு ஆடினாள். சட்டைக்குள் தோள்பக்கம் கொஞ்சம் உப்பலாக, கட்டு போட்டதுபோல் இருந்தது. அரங்கில் இருந்த ஆயிரம் பேரில் அது என்னவென்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். திரும்பிப் போகும் பஸ்ஸில் எல்லாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது அந்தச் சங்கதியை அவள் சொல்லவில்லை.

பைக் ரிவர் நான்காம் இடத்தில் வந்து நின்றது. முதல் இடக்காரர்களோடு அரையிறுதி. அதுவும் செயின்ட் ஆல்ரிக்கின் பனித்தளத்தில், சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு. அந்த வாரம் செய்தித்தாளில் ஸ்டென்ருட்டின் பேட்டி வந்தது. உங்கள் பழைய கோல்கீப்பர் எதிரே நிற்கிறாரே என்று கேட்டிருந்தார்கள். 'யார், கோஸ்கெலாவா? நல்ல பிள்ளை. எங்கள் பெண்களுக்கு நல்ல பயிற்சி கொடுத்தாள்' என்று பதில். வியாழக்கிழமை ஜெனாவிடமிருந்து செல்போனில் ஒரு செய்தி வந்தது. 'சனிக்கிழமை பாக்கலாம் பலகை. பாத்து ரொம்ப நாளாச்சு.'

மார்னி செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுப்படியில் ரெனி தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெனா டூசெட்டை எப்படி நிறுத்தறதுன்னு கேட்டியே" என்றாள் மார்னி.

"சொல்லு."

"இடது பக்கமா சுவரோட சேத்து நெருக்கு. தோள்ல நல்லா சாஞ்சு. வட்டை விட்டுட்டுப் போயிடுவா."

"ஏன்?"

"அவளுக்கு அது பிடிக்காது."

ரெனி தலையாட்டினாள். பெண்கள் ஆட்டத்தில் ஓடி வந்து இடிக்கக் கூடாது. ஆனால் சுவரோரம் வட்டுக்காகத் தோளோடு தோள் நெருக்குவதை நடுவர்கள் கண்டுகொள்ளமாட்டார்கள். ரெனிக்கு அது கைவந்த வேலை. அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மார்னிக்கு அன்று நன்றாகப் பசித்தது. இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

சனிக்கிழமை மார்னியின் வீட்டார் மூவரும் வந்திருந்தார்கள். முதல் பாகத்தில் ஜெனா ஒரு கோல் அடித்தாள். யாராலும் தடுக்க முடியாத அடி அது. அதன்பிறகு மார்னி வலையை அடைத்தாள். பதினேழாம் நம்பரின் தோள் இறங்கியது, கை மேலே போனது, வட்டு கையுறைக்குள் வந்து விழுந்தது. நாலாம் நம்பர் நாக்கைக் கடித்தாள், மார்னி கால்களை இறுக்கினாள். முப்பது வட்டுக்கு மேல் தடுத்தாகிவிட்டது. பெஞ்சிலிருந்து யாரும் 'பலகை' என்று தாளம் போடவில்லை. அந்த மௌனத்தை அவள் ரசித்தாள். ஒரு வருஷமாக அதற்காகத்தான் காத்திருந்தாள்.

மூன்றாம் பாகத்தின் நடுவில், மார்னிக்கு இருபது அடி தள்ளி, மூலையில் வட்டு சிக்கிக்கொண்டது. ஜெனா அதை எடுக்கப் போனாள். ரெனி பின்னாலேயே போய், இடது தோளைச் சுவரோடு சேர்த்துத் தன் முழுப் பாரத்தையும் சாய்த்தாள். பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஜெனாவின் மட்டை கையிலிருந்து நழுவியது. பிறகு அவள் மண்டியிட்டு, அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். நடுவர் ஊதினார், குற்றம் என்று கையைத் தூக்கவில்லை. ஸ்டென்ருட் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தினார்.

பனியில் கிடந்த ஜெனா தன்னை நெருக்கிய ரெனியைப் பார்க்கவில்லை. வலையில் நின்ற மார்னியைத்தான் பார்த்தாள். முகமூடிக் கம்பிகளுக்கு ஊடாக மார்னியும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. உள்ளே ஒரு பக்கம் 'ஆமாம், நான்தான்' என்று ஒரு திமிர் எழுந்தது. அதை அவள் பின்னாளிலும் மறைத்துச் சொன்னதில்லை. டாக்டர் வந்து ஜெனாவைத் தாங்கிக் கூட்டிப் போகும்போது, அவளைக் குப்புறப் படுக்க வைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

ஜெனா போனதும் செயின்ட் ஆல்ரிக் தடுமாறியது. நான்கு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது பைக் ரிவர் சமன் செய்தது. கூடுதல் நேரத்தின் ஆறாவது நிமிஷத்தில் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி அடித்த வட்டு யாருடைய காலிலோ பட்டுத் திரும்பி உள்ளே போனது. ஆட்டம் முடிந்தது. தோழிகள் எல்லாரும் வந்து மார்னிமேல் விழுந்தார்கள். அவள் அவர்களுக்கு அடியில் கிடந்தபடி கூரை விளக்கைப் பார்த்துச் சிரித்தாள்.

இரண்டு அணியும் வரிசையாகக் கைகுலுக்கும்போது ஸ்டென்ருட் கடைசியில் வந்தார். "நல்லா ஆடின, மார்னி."

இந்த நிமிஷத்துக்காக ஒரு வருஷம் முழுக்க அவள் வாக்கியங்களைச் செதுக்கி வைத்திருந்தாள். "எங்கப்பா அம்மா மேல உக்காந்திருக்காங்க கோச். போன வருஷமும் அஞ்சு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்தாங்க, கடைசி ஆட்டத்துக்கு. ஞாபகம் இருக்கா?"

ஸ்டென்ருட் கண்ணைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அப்படியா? எனக்கு ஞாபகம் இல்லையே. நான் கேட்டேன்னு சொல்லு அவங்ககிட்ட" என்று தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

மார்னி நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு வருஷம் முழுக்க யாரை நினைத்துப் பல்லைக் கடித்தாளோ, அந்த ஆளுக்குத் தான் செய்தது என்னவென்றே தெரியவில்லை.

உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் ஜெனா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கையைக் கழுத்தோடு தூளி கட்டியிருந்தார்கள். முகம் வெளிறியிருந்தது.

"நீதானே சொன்ன?"

"ஆமா."

"இந்தத் தடவ எலும்பும் சேந்து உடைஞ்சிருக்காம். ஆபரேஷன் பண்ணணுமாம்." ஜெனா தூளியைச் சரிசெய்துகொண்டாள். "பலகைன்னு சொன்னதுக்கா?"

மார்னி கையுறையைக் கழற்றினாள்.

"வலிச்சுதுன்னு நீ ஒரு தடவகூட சொல்லலயேடி. நீயும் சேந்துதானே சிரிச்ச."

"சிரிச்சேன்."

"அப்பறம் எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் மார்னியின் பின்னால் ரெனி வந்து நின்றிருந்தாள். தலைக்கவசம் கையில் இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

பஸ்ஸில் பாட்டும் கூச்சலுமாக இருந்தது. பெக்கோலா வழியில் நிறுத்தி எல்லாருக்கும் பர்கர் வாங்கிக் கொடுத்தார். ரெனி வந்து மார்னி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவ தோள் ஏற்கனவே போன தோளா?"

"ஆமா."

"உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"பிடிக்காதுன்னு சொன்னியே."

மார்னி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அவளை நானே தள்ளணும்னு நினைச்சிருந்தா, அது என் பாவம்னு இருந்திருப்பேன்" என்றாள் ரெனி. "நீ என் கையை எடுத்து உன் வேலையை முடிச்சுக்கிட்ட. எனக்குச் சொல்லக்கூட இல்ல." எழுந்து முன்சீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை இறுதி ஆட்டத்தில் ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். மார்னி மோசமாக ஆடினாள் என்றும் சொல்ல முடியாது. எதிரே நின்றவர்கள்மேல் அவளுக்கு எந்தப் பகையும் இல்லை. பகை இல்லாமல் எப்படித் தடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பெக்கோலாவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். அவளுடைய பையை அவரே பஸ்ஸில் ஏற்றினார்.

ஜெனா அதன்பிறகு கல்லூரி அணிக்கு ஆடவில்லை. இரண்டு அறுவை சிகிச்சை நடந்தது. மார்னி ஒரு கடிதம் எழுதினாள். நான்கு வரி, மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. பதில் வரவில்லை. அடுத்த வருஷம் முழுவதும் ரெனி அவளோடு ஆட்டத்துக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். "இடது", "விடு", "என்னுது", அவ்வளவுதான். வீட்டில் தனித்தனியாகச் சமைத்துக்கொண்டார்கள். படிப்பு முடிந்து பிரியும் நாளில் ரெனி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா இல்லையா என்று மார்னிக்குத் தெரியவில்லை.

இப்போது மார்னிக்கு முப்பத்தாறு வயது. பைக் ரிவரிலேயே தங்கிவிட்டாள். மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்து, புயலில் கம்பி அறுந்தால் எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பெண்களோடு ஆடுகிறாள். வலையில் நிற்பதில்லை, முன்வரிசையில் ஆடுகிறாள், மோசமாகத்தான் ஆடுகிறாள். ஸ்டென்ருட் மூன்று வருஷம் தொடர்ந்து தோற்று வேலையிலிருந்து அனுப்பப்பட்டார் என்ற செய்தி வந்தபோது, அவள் அலுவலகத்தில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "சும்மாதான்" என்றாள்.

ஆட்டம் முடிந்து மதுக்கடையில் உட்காரும்போது, புதிதாக வந்த பெண்கள் யாராவது செயின்ட் ஆல்ரிக்கை வென்ற கதையைக் கேட்பார்கள். அவளும் சொல்வாள். நாக்கைக் கடித்த நாலாம் நம்பரைச் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள். மூலையில் வட்டு சிக்கிய இடம் வரும்போது அவள் அதைத் தாண்டிப் போகமாட்டாள். யார் சொன்னது, யாருக்குத் தெரிந்திருந்தது, யாருக்குத் தெரியாது என்று ஒன்று விடாமல் சொல்வாள். சிரித்தவர்கள் கோப்பையைக் கீழே வைப்பார்கள். ஒருநாள் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். "இப்ப அந்த ஜெனா எங்க இருக்காங்கக்கா?"

"விஸ்கான்சின்ல. பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கறாளாம்" என்றாள் மார்னி. "எனக்கு உருளைக்கிழங்கு வறுவல் சொல்லு. பசிக்குது."